நம்ஃபலாங் சந்தை: கம்பளி மலிவு, வண்டிக்கூலிதான் கொள்ளை

முதலில் அந்த சுமோ டிரைவரைப் பற்றிச் சொல்லித் தீர்த்துவிட்டால்தான் மற்றதை எழுதக் கை வரும். இம்பாலில் மோரே போகும் வண்டிகள் நிற்கும் இடத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில், முன் சீட்டு அம்மாவிடம் 400 ரூபாய் வாங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் முறை வந்ததும் ஆளுக்கு 700. ஏன் என்று கேட்டால், பை இருக்கிறதாம். பை என்ன பை, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய காலிப் பை! சந்தைக்குப் போகிறவன் பையை நிரப்பிக்கொண்டா போவான்? என் இந்தியை வைத்துச் சண்டை போட்டால் அவருக்குத்தான் பொழுதுபோக்கு. மச்சான் நடுவில் புகுந்து ஆளுக்கு 550 என்று முடித்தான். அந்த 150 ரூபாய் வயிற்றெரிச்சல் 110 கிலோமீட்டருக்கும் அடங்கவில்லை.

மியான்மர் எல்லையில் இருக்கும் நம்ஃபலாங் சந்தைக்கு எப்படிப் போவது, என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் யோசனை. இது 2020 மார்ச்சில் எல்லை மூடப்படுவதற்கு முன்னால் போய்வந்த கதை; விலையும் விதியும் அப்போதையவை. பார்க்கலாம், எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறேன் என்று.

மோரே, மணிப்பூரின் தெங்னௌபால் மாவட்டத்தில் மியான்மர் எல்லையை ஒட்டி இருக்கும் ஊர். எல்லையைத் தாண்டினால் அந்தப் பக்கம் நம்ஃபலாங் சந்தை. அதற்கும் அப்பால் சில கிலோமீட்டரில் தமு என்ற பர்மிய ஊர். இந்த நம்ஃபலாங்கில்தான் சீனக் கம்பளி, தாய்லாந்துச் செருப்பு, பர்மிய லுங்கி எல்லாம் குவிந்து கிடந்தன. மணிப்பூரில் பாதி வீட்டுக் கம்பளி இங்கிருந்து போனதுதான் என்று வண்டியில் ஒருவர் சொன்னார். சந்தையைப் பார்த்த பிறகு மீதிப் பாதியும் இங்கிருந்துதான் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

பல்லேல் வரை சமவெளி, ரோடு பரவாயில்லை. அதற்குப் பிறகு மலை. ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று மலையைச் சீவி வைத்திருந்தார்கள், செம்மண் தூசி கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வந்தது. தெங்னௌபால் உச்சியில் மட்டும் தூசி போய் மூடுபனி. 1944 இம்பால் போரில் ஜப்பானியப் படையும் பிரிட்டிஷ் படையும் இந்த மேடுகளுக்காகத்தான் மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றன. ஜப்பான் பக்கம் நின்ற நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அதைச் சொன்னேன். மச்சான் தூங்கிக்கொண்டிருந்தான். வழியில் சோதனைச் சாவடிகளில் எல்லோரும் இறங்கி, அட்டையைக் காட்டி, நடந்துபோய் அந்தப் பக்கம் ஏற வேண்டும். அசல் ஆதாரோ வாக்காளர் அட்டையோ கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். செல்போனில் இருக்கும் படத்தைக் காட்டி ஒருவர் பட்ட பாட்டைப் பார்த்தேன்.

மோரேயில் இறங்கியதும் பசி. கடைத்தெருவில் நடந்தால் ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து சாம்பார் வாசனை! கற்பனை இல்லை. உள்ளே இட்லிக் கொப்பரையில் ஆவி பறக்கிறது, அடுப்படியில் ஒரு அம்மா. “எந்த ஊரு தம்பி?” என்று சுத்தத் தமிழில் கேட்டார். வடகிழக்கு மூலையில், பர்மாவை எட்டிப் பார்க்கும் தூரத்தில், இட்லி!

இது தற்செயல் இல்லை. 1962-இல் பர்மாவில் ஜெனரல் நே வின்னின் ராணுவ ஆட்சி வந்து, 1964-இல் கடை, வியாபாரம் எல்லாம் தேசியமயமானபோது பர்மாவிலிருந்த தமிழர்கள் கைச்சொத்தை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சென்னையில் இறங்கியவர்களில் சிலருக்கு இங்கே ஒட்டவில்லை. தரைவழியாகத் திரும்பிப் போய்விடலாம் என்று கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கு இந்த ஊரில் கடை வைத்திருக்கிறார்கள். தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்காள பரமேஸ்வரி கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. படத்தை மட்டும் காட்டினால் செங்கல்பட்டுப் பக்கம் என்று சத்தியம் செய்வீர்கள்.

அந்த அம்மாவிடம் வாங்கிய ஆலோசனைதான் எங்கள் பயணத்தின் உருப்படியான முதலீடு. இட்லிக்கு மேல் இட்லி வைத்துக்கொண்டே சொன்னார்: “கம்பளிக்கு அவங்க ஆயிரத்து நானூறுன்னா நீங்க எண்ணூறுல ஆரம்பிங்க. கிலோ கணக்குல சொல்லுவாங்க, நம்பாதீங்க, தூக்கிப் பாருங்க. கரண்டு சாமான் எதுவும் வேணாம் தம்பி.” கடைசி வரியை மச்சான் காதில் வாங்கவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

எல்லையில் இரண்டு கேட். முதல் கேட், நட்புறவுப் பாலம் இருக்கும் பக்கம். 2018 ஆகஸ்டிலிருந்து பாஸ்போர்ட், விசாவோடு மியான்மருக்குள் பயணம் போகிறவர்களுக்கு அந்த வழியைத் திறந்திருந்தார்கள். நம் மாதிரி பைதூக்கிகளுக்கு இரண்டாவது கேட். அட்டையைக் காட்டி, பேரைப் பதிந்து, சில்லறையாக ஒரு கட்டணம் கொடுத்தால் சாயங்காலம் வரை போய்வர அப்போது அனுமதி இருந்தது. விசா வேண்டியிருக்கவில்லை. ஒரு வாசலைத் தாண்டினீர்கள் என்றால் வெளிநாடு. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் பாஸ்போர்ட் எடுத்த ஆளே கிடையாது; நான் வெளிநாடு போய்விட்டேன்.

அங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் பாருங்கள். மியான்மர் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அந்தப் பக்கத்து டவரைப் பிடித்து செல்போனும் நேரத்தை மாற்றிக்கொள்ளும். கேட்டை மூடியது இந்திய நேரப்படி நான்கு மணி வாக்கில். கடைச் சுவரில் அப்போது ஐந்து. கைக்கடிகாரம் இருந்தால் நிம்மதி.

சரி, சந்தை. சந்துசந்தாகப் போகிறது, மேலே தகரமும் தார்ப்பாயும். கன்னத்தில் தனக்கா பூசிய பெண்கள் கடைக்குக் கடை உட்கார்ந்திருக்கிறார்கள். தனக்கா என்பது ஒரு மரத்தின் பட்டையைக் கல்லில் அரைத்து எடுக்கும் சந்தன நிறக் குழம்பு, வெயிலுக்குக் குளிர்ச்சி. வியாபார மொழி இந்தியும் மணிப்பூரியும். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு ஒரு கடைக்காரப் பெண் “அண்ணே, கம்பளி பாருங்க” என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விலையை மட்டும் அவர் தமிழுக்காகக் குறைக்கவில்லை.

பர்மியப் பணமான கியாட் மாற்ற வேண்டியிருக்கவில்லை, ரூபாயே ஓடியது. பணத்தை இம்பாலிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், நூறு ரூபாய்த் தாள்களாக. ஐந்நூறை நீட்டினால் பேரம் அங்கேயே செத்துப்போகும்.

கம்பளிக் கதைக்கு வருவோம். நாங்கள் கேட்டது நாலு கிலோ, இரட்டை அடுக்கு. அவர் சொன்னது 1,500. நான் 800. அவர் கால்குலேட்டரில் 1,400 அடித்துக் காட்டினார். நான் அதே கால்குலேட்டரை வாங்கி 850 அடித்தேன். இப்படியே அந்தக் கால்குலேட்டர் இருவர் கையிலும் மாறி மாறிப் போய், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, கடைசியில் 1,000. இதே சாமான் எங்கள் ஊர்க் கடையில் 2,200. பேரம் பேசும்போது அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை, சிரித்துக்கொண்டே மறுக்கிறார்கள். நம் ஊரில் பாதி விலைக்குக் கேட்டால் கிடைக்கும் வார்த்தைகளை எண்ணிப் பார்த்தேன்.

இரண்டு கம்பளியோடு நிறுத்தியதற்குக் காரணம் விமானம். உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான் இலவசம், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் கறந்துவிடுவார்கள். அதனால் சந்தை முழுக்க நான் விலையைப் பார்த்ததைவிட எடையைப் பார்த்ததுதான் அதிகம். ஆறு கிலோ ராஜா கம்பளி ஒன்று, மயில் படம் போட்டது, 1,600-க்கு இறங்கி வந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். இதை எழுதும்போதும் மனசு கேட்கவில்லை.

இவ்வளவு மலிவாக எப்படி வருகிறது என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. முக்கால்வாசி சரக்கு சீனா. யுன்னானிலிருந்து மூசே எல்லை வழியாக மாண்டலே வந்து, அங்கிருந்து கலேம்யோ, அப்புறம் தமு. அந்த கலேம்யோ – தமு ரோட்டைப் போட்டுக் கொடுத்தது யார்? இந்தியா. 2001-இல் திறந்தார்கள், நட்புறவு ரோடு என்றே பேர். நம் சரக்கு அந்தப் பக்கம் போகட்டும் என்று நாம் போட்ட ரோட்டில் சீனக் கம்பளி இந்தப் பக்கம் வருகிறது. 1995-இல் மோரே வழி எல்லை வர்த்தகம் முறைப்படி தொடங்கியபோது இதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். வாங்குகிற எனக்குப் புகார் இல்லை.

வாங்கலாம் என்று நான் சொல்வது: கம்பளி, ஃபிளாஸ்க், குடை, வெல்வெட் வார் வைத்த பர்மியச் செருப்பு, தேயிலை, பால், சர்க்கரை மூன்றும் கலந்த தேநீர்த் தூள் பாக்கெட். செருப்பு 200 ரூபாய்தான், காலில் போட்டால் போட்டதே தெரியவில்லை. லுங்கி நன்றாக இருக்கிறது, ஆனால் நமக்கு லுங்கிக்குப் பஞ்சமா? பிராண்டு பேர் போட்ட ஷூ, கண்ணாடி, கடிகாரம் எல்லாம் போலி; பேரிலேயே ஒரு எழுத்து கூடக்குறைய இருக்கும். மச்சான் 600 ரூபாய்க்கு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கினான். கடையில் அலறியது. இம்பால் லாட்ஜில் ராத்திரி சார்ஜ் போட்டோம், அதோடு சரி.

இப்போது சாப்பாடு. உண்மையில் இந்தப் பதிவையே மொய்ங்கா என்ற பர்மிய மீன்குழம்புச் சேமியாவுக்காகத்தான் எழுதுகிறேனோ என்று சந்தேகம். சென்னையில் கடற்கரை ஸ்டேஷன் எதிரே அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸும் மொய்ங்காவும் சாப்பிட்டு வளர்ந்தவன் நான், அதனால் ஒரு திமிரோடுதான் உட்கார்ந்தேன். சந்தை ஓரத்தில் நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு பெரிய பானை. மீனையும் வாழைத்தண்டையும் போட்டுக் கொதித்துக் குழைந்த குழம்பு, அதை அரிசிச் சேமியா மேல் ஊற்றி, அவித்த முட்டை, பொரித்த பருப்பு அடை நொறுக்கு, கொத்தமல்லி, எலுமிச்சை. மிளகாய்த் தூளை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வாய் வைத்ததும் திமிர் இறங்கிவிட்டது. சென்னையில் நாம் சாப்பிடுவது நம் நாக்குக்குத் தக்கபடி காரம் ஏற்றிய வேறு சாமான். இங்கே மீன்தான் முன்னால் நிற்கிறது, லெமன்கிராஸ் வாசனை பின்னால் வருகிறது. 40 ரூபாய். அடுத்த கிண்ணம் சொன்னேன். மச்சான் மீன் வாடை என்று ஒதுக்கி வைத்ததையும் சேர்த்துச் சாப்பிட்டேன். அப்புறம் ஊறவைத்த தேயிலையில் வறுத்த பூண்டு, வேர்க்கடலை, எள், தக்காளி, முட்டைக்கோஸ் போட்டுப் பிசைந்த லப்பெட். தேயிலையைக் குடிக்காமல் மென்று தின்பது விசித்திரம்தான், கசப்பும் புளிப்பும் எண்ணெயுமாக. தின்றுவிட்டுப் படுத்தால் தூக்கம் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தமுவுக்கு ஆட்டோ கூப்பிட்டார்கள், போய்வர 400. அதில் பத்து மொய்ங்கா என்று மனம் கணக்குப் போட்டுவிட்டதால் போகவில்லை. ஆட்டோ வலதுபுறமாகப் போவதை மட்டும் நின்று பார்த்தோம். 1970-இல் இடதிலிருந்து வலதுக்கு மாறிய நாடு அது.

திரும்பும் வழிதான் சோதனை. இந்தப் பாதையில் தங்கமும் போதைப்பொருளும் கடத்தப்படுவதால் திரும்புகிற வண்டிகளைக் குடைந்து எடுக்கிறார்கள். குடையட்டும், அது அவர்கள் வேலை. ஆனால் ஒரு சாவடியில் எங்கள் கம்பளிகள் இரண்டையும் பிரித்து, உதறி, அந்தச் செம்மண் தரையிலேயே போட்டார்கள். பக்கத்தில் மேஜை காலியாகத்தான் இருந்தது. ஃபிளாஸ்க்கின் உள்மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு அம்மா மூட்டை முழுக்கச் செருப்பு வைத்திருந்தார், ஒவ்வொரு ஜோடியாக. முக்கால் மணி நேரம். பனி வேறு இறங்கிவிட்டது. பிரித்த கம்பளியைத் திரும்ப அந்த ஜிப் பைக்குள் திணிக்க முடியாது என்று வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கயிற்றுச் சுருள் கொண்டு போங்கள்.

திரும்பி வந்த வண்டியில் ஆளுக்கு 400, கம்பளிக்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை. மூட்டையைத் தானே மேலே ஏற்றிக் கட்டினார் அந்த டிரைவர். காலிப் பைக்கு 150, நிறைந்த பைக்குச் சும்மா!

கணக்கு இதோ. வண்டி போகவர ஆளுக்கு 950, இம்பால் லாட்ஜ் ராத்திரிக்கு 900, சந்தையில் நான் செலவு செய்தது 3,200, மச்சான் அந்த ஸ்பீக்கரையும் சேர்த்து 2,700. சாப்பாடு ஆளுக்கு 300-க்குள். விமான டிக்கெட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் கம்பளி ஒன்று பட்டுப்புடவை விலைக்கு வந்துவிடும். கம்பளிக்காக மட்டும் தமிழ்நாட்டிலிருந்து யாரும் கிளம்ப வேண்டாம். லோக்தாக் ஏரி, இம்பாலில் பெண்களே நடத்தும் இமா கைத்தல் சந்தை என்று மணிப்பூர் பார்க்கப் போகிறவர்கள், எல்லை திறந்திருந்தால், ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். விடியற்காலை முதல் வண்டியைப் பிடியுங்கள், முன் சீட்டுக்காரர் எவ்வளவு கொடுக்கிறார் என்று பார்த்து அதையே நீட்டுங்கள், மொய்ங்காவைப் பதினொரு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். அதற்கு மேல் பானையில் அடிக்குழம்புதான் இருக்கும்.