சாட்சியை மடக்கும் கலை: ஏஸ் அட்டர்னியின் பாகங்களை ஒப்பிட்டு

ஏஸ் அட்டர்னி என்ற நீதிமன்ற வீடியோ விளையாட்டுத் தொடரின் முதல் வழக்கில் கூண்டேறுபவர் செய்தித்தாள் விற்கும் ஓர் ஆள். பகல் ஒரு மணிக்குச் சடலத்தைப் பார்த்ததாக அவர் சொல்கிறார். பிரேதப் பரிசோதனை அறிக்கையோ கொலை மாலை நான்கு மணிக்குப் பிறகே நடந்தது என்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞராக விளையாடும் நாம் அதை எடுத்து நீட்டியதும், தொலைக்காட்சிச் சத்தத்தை வைத்து மணியை அறிந்ததாகச் சாட்சியத்தை மாற்றுகிறார். அந்த நேரத்தில் அந்தக் கட்டடத்தில் மின்சாரமே இல்லை. பிறகு, வீட்டிலிருந்த கடிகாரத்தைப் பார்த்ததாகச் சொல்கிறார். அந்தக் கடிகாரம் பார்வைக்கு வெறும் சிலை, அசைத்தால் வாய்விட்டு மணி சொல்லும், கொலைக்கருவியும் அதுவே. வீட்டுக்குள் கால் வைக்காத ஒருவருக்கு அது கடிகாரம் என்று எப்படித் தெரியும்? மிச்சமிருக்கும் ஒரே கேள்வி, நான்கு மணிக்கு அது ஏன் ஒரு மணி என்று சொன்னது என்பது. இறந்த பெண் முந்தைய நாள்தான் பாரிஸிலிருந்து திரும்பியவர் என்பதற்கு அவருடைய கடவுச்சீட்டு சாட்சி. கடிகாரத்தை அவர் இன்னும் ஊர் நேரத்துக்கு மாற்றவில்லை.

அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தச் சிறிய வழக்கிலேயே தொடரின் முழு இலக்கணமும் இருக்கிறது. சாட்சி ஐந்தாறு வாக்கியங்கள் பேசுவார். அவற்றுள் ஒன்று பொய். அந்தப் பொய்யைக் காட்டிக்கொடுக்கும் பொருள் நம் கையிலேயே இருக்கும். இரண்டையும் சேர்த்து வைப்பது மட்டுமே நம் வேலை. கடந்த சில மாதங்களாக முதன்மைப் பாகங்கள் ஆறையும், ஜப்பானின் மெய்ஜி காலக் (1868–1912) கதையான இரண்டு பாகங்களையும் வரிசையாக மீண்டும் விளையாடினேன். சாட்சியங்களை ஒரு நோட்டில் எழுதி, ஐயம் தட்டும் சொல்லின் கீழ் கோடிட்டுக்கொண்டே போனேன். எந்தெந்தப் பாகத்தில் என் கோடுகள் அடர்த்தியாக இருக்கின்றன, எங்கே பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன என்பதைப் பார்த்தபோது, இத்தொடரைப் பற்றி எனக்கிருந்த கருத்து தெளிவடைந்தது: பொய்யைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை நம்மிடமே விட்டுவைத்த பாகங்கள் உயர்ந்து நிற்கின்றன, அந்தப் பொறுப்பை ஏதேனும் ஒரு கருவியிடம் ஒப்படைத்த பாகங்கள் தாழ்கின்றன. இனி எழுதப்போவதில் கதையின் முக்கிய முடிச்சுகள் சில அவிழும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஷூ டகுமி எழுதி இயக்கிய முதல் பாகம் 2001 அக்டோபரில் ஜப்பானில், கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்காகக் கேப்காம் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. மிகச் சிறிய குழுவின் ஆக்கம் அது. ஜப்பானியப் பதிப்பில் நாயகனின் ஆட்சேபக் குரலே டகுமியின் சொந்தக் குரல்தான். வசதிக் குறைவு அந்த விளையாட்டுக்கு நன்மையாகவே முடிந்தது என்று நினைக்கிறேன். அசைவுகள் குறைவு, இடங்கள் குறைவு. ஆகவே எழுத்து ஒன்றையே நம்பி நிற்க வேண்டியிருந்தது. ஜப்பானில் வழக்குத் தொடரப்பட்டவர்களில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்படுகிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு விளையாடினால், குற்றம் சாட்டப்பட்டவரைக் காப்பாற்ற உண்மையான கொலையாளியையே கண்டுபிடித்து நிறுத்தியாக வேண்டும் என்ற இந்த நீதிமன்றத்தின் நிர்ப்பந்தம் முழுக் கற்பனையாகத் தோன்றாது. நான்காம் வழக்கின் அடித்தளமான 15 ஆண்டுக் காலவரம்பும் அப்படித்தான். ஜப்பானியச் சட்டத்தில் கொலைக்கு அன்று அவ்வளவுதான் வரம்பு இருந்தது. பின்னர் அதை 25 ஆண்டுகளாக உயர்த்தி, 2010-இல் முற்றாக நீக்கினார்கள். வரம்பு முடிய ஒரு நாளே இருக்கும் நிலையில், பேச மறுக்கும் ஒரு முதியவரிடமிருந்து உண்மையை வாங்க, அவர் வளர்க்கும் கிளியைக் குறுக்கு விசாரணை செய்கிறான் நாயகனான வழக்கறிஞர் ஃபீனிக்ஸ் ரைட். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும் இந்தக் காட்சி, பெட்டகத்தின் எண் 1228 என்று கிளி சொல்லும் கணத்தில் உறைய வைக்கிறது. 15 ஆண்டுகளுக்கு முன் ஒரு மின்தூக்கியில் கொலை நடந்த நாள் டிசம்பர் 28.

2002-இல் வந்த இரண்டாம் பாகத்தை வரிசைப்படுத்துவது எனக்கு எளிதாக இல்லை. அதன் நடுவழக்குகள் தளர்ந்தவை. சர்க்கஸ் வழக்கைப் பெரும்பாலோர் விரும்புவதில்லை, நானும் விரும்பவில்லை. ஆனால் தொடரின் மிகச் சிறந்த ஒற்றை வழக்கும் இந்தப் பாகத்தில்தான் இருக்கிறது. எதிரில் இருப்பவர் எதையேனும் மறைத்தால் அவரைச் சுற்றிச் சங்கிலியும் பூட்டுமாகக் காட்டும் மகதாமா என்ற மாய மணிக்கல் இந்தப் பாகத்தில் புதிதாக வந்தது. பொய்யைக் கருவியே காட்டிக்கொடுக்கிறதே என்று தோன்றும். எனக்கும் முதலில் அந்தக் குறை இருந்தது. இறுதி வழக்கில் ஃபீனிக்ஸ் தன் கட்சிக்காரரான நடிகர் மாட் எங்கார்டிடம் அந்த மணியை ஏந்தியபடி, கொலை செய்தீர்களா என்று நேரடியாகக் கேட்கிறான். யாரையும் கொல்லவில்லை என்கிறார் அவர். ஒரு பூட்டுகூடத் தோன்றவில்லை. நாமும் அவனும் நிம்மதியாக நீதிமன்றத்துக்குப் போகிறோம்.

அவர் சொன்னது பொய்யே இல்லை. அவர் கையால் கொல்லவில்லை. கூலிக் கொலையாளியை ஏவியிருந்தார். கருவி தவறாக எதுவும் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விதான் போதவில்லை. சொல்லின் எழுத்து உண்மையாக இருந்தும் அதன் பொருள் பொய்யாக இருக்க முடியும் என்பதை, தான் கொடுத்த கருவியை வைத்தே காட்டிய அந்த எழுத்துத் துணிவை, அதன் பிறகு வந்த எந்தப் பாகத்திலும் இவ்வளவு கூர்மையாக நான் காணவில்லை. தோழி மாயா கொலையாளியின் பிடியில் இருக்கிறாள். குற்றவாளி என்று தெரிந்தே அவரை விடுவித்தால்தான் அவள் பிழைப்பாள். அவருக்குப் பதிலாகச் சிறைக்குப் போகப்போவது நிரபராதியான ஒரு பெண். முடிவில், குற்றவாளி என்று சொல்வதா இல்லையா என்று திரை நம்மையே கேட்கிறது. எதைத் தேர்ந்தாலும் கதை ஒரே இடத்துக்குத்தான் போகிறது என்பது எனக்கு இப்போது தெரியும். தெரிந்த பிறகும், இந்த முறை அந்தப் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன்.

மூன்றாம் பாகம், 2004. முழுப் பாகமாக எடுத்துக்கொண்டால் முதல் மூன்றில் இதுவே நிறைவானது. ஐந்து வழக்குகளில் முதலாவதும் கடைசி இரண்டும் ஒரே குடும்பத்தின் பகையில் வேர் கொண்டவை. அதில் இரண்டு வழக்குகளை, முதல் பாகத்தில் கொலையுண்ட, ஃபீனிக்ஸின் குருவான மியா ஃபேயாக, அவருடைய இளமைக் காலத்தில் நின்று நாம் நடத்துகிறோம். முடிவு தெரிந்த ஒருவரின் தொடக்கத்தைப் பார்ப்பதில் உள்ள துயரத்தை, அந்த வழக்குகள் எங்கும் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. அரசுத் தரப்பில் நிற்கும் கோடோ, விசாரணையின்போது கோப்பை கோப்பையாகக் காப்பி குடிப்பவர். முகத்தில் அணிந்திருக்கும் கருவியின்றி அவருக்குப் பார்வை கிடையாது. அது இருந்தும் வெள்ளைப் பின்னணியில் உள்ள சிவப்பு நிறம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. வழக்குகளின் இடையே போகிற போக்கில் வந்துவிட்டுப் போகும் இந்தக் குறிப்பு, பனி மூடிய மலைக் கோயிலில் நடக்கும் கடைசி வழக்கில், இரத்தத்தால் எழுதப்பட்ட ஒரு பெயர் யார் கண்ணில் படாமல் போனது என்ற கேள்வியாகத் திரும்பி வருகிறது. நோட்டில் நான் மிக அதிகமாகக் கோடிட்ட பாகம் இதுதான்.

2007-இல் வந்த நான்காம் பாகத்தைப் பற்றி எழுதும்போது எனக்குள் இரண்டு கருத்துகள் மோதுகின்றன. கதை துணிச்சலானது. போலி ஆதாரத்தைத் தாக்கல் செய்ததாக ஃபீனிக்ஸின் வழக்கறிஞர் உரிமை பறிபோய் ஏழாண்டுகள் ஆகின்றன. சூதாட்ட மேசையில் தோற்காதவனாக, முகம் இறுகி, நம் முன் வந்து உட்கார்ந்திருக்கிறான். புதிய நாயகன் அப்போலோ ஜஸ்டிஸ் தன் முதல் வழக்கிலேயே வெற்றி தேடித்தந்த இரத்தக் கறை படிந்த சீட்டும் போலியானது என்பதும், அதைத் தந்தவன் ஃபீனிக்ஸே என்பதும் தெரியவரும்போது, மூன்று பாகங்களாக நாம் நம்பிவந்த ஒருவரை நோக்கி நாமே ஆட்சேபம் எழுப்ப வேண்டியதாகிறது. ஜப்பானில் பொதுமக்கள் நீதிபதிகளுடன் அமர்ந்து தீர்ப்பளிக்கும் முறை 2009 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஈராண்டு முன்பே, தீர்மானமான ஆதாரம் எதுவும் சிக்காத ஒரு வழக்கைப் பொதுமக்களிடம் ஒப்படைத்துப் பார்த்தது இந்தப் பாகம்.

அவ்வளவு இருந்தும் நோட்டின் பக்கங்கள் வெறுமையாகத்தான் கிடந்தன. காரணம் அப்போலோவின் கைக்காப்பு. அது இறுகும்போது சாட்சியின் உடலைப் பெரிதாக்கிப் பார்த்து, கழுத்தைத் தடவும் கை, துடிக்கும் விரல் என ஏதோ ஒரு சிறு நடுக்கத்தைத் தேட வேண்டும். இங்கே நாம் சிந்திப்பதில்லை, தேடுகிறோம். ஒருவர் நெளிகிறார் என்பதால் அவர் சொன்னது பொய் என்றாகிவிடுமா? மூன்றாம் வழக்கில் ஒரே மேடைக் கச்சேரியின் பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டும் சலிப்பும் சேர்ந்துகொள்ள, இவ்வளவு நல்ல கதைக்கு இவ்வளவு தளர்ந்த விசாரணை வாய்த்ததே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

2013-இல் நின்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கு வந்த ஐந்தாம் பாகத்தில் டகுமி இல்லை; தகேஷி யமசாகி பொறுப்பேற்றார். சாட்சியின் குரலிலிருந்து மகிழ்ச்சி, கோபம், துயரம், அதிர்ச்சி ஆகிய நான்கையும் பிரித்துக் காட்டும் ஒரு பொறி இதில் வருகிறது. அழ வேண்டிய இடத்தில் மகிழ்ச்சி ஒளிர்ந்தால் அதைத் தொட்டால் போதும். அதற்கு மேல் சொல்ல இதில் எனக்கு அதிகமில்லை.

2016-இன் ஆறாம் பாகம் அப்படிக் கடந்து போகக்கூடியதல்ல. கூராயின் என்ற கற்பனை நாட்டில், குற்றவாளியை ஆதரித்து வாதாடும் வழக்கறிஞருக்கும் அதே தண்டனை என்று சட்டம். எனவே அங்கே வழக்கறிஞர்களே இல்லை. இறந்தவரின் கடைசிக் கணங்களை இளவரசி ஒருத்தி நீர்ப்பரப்பில் வரவழைத்துக் காட்டுவாள். அவர் கண்டது, கேட்டது, முகர்ந்தது, வலித்தது எல்லாம் அதில் தெரியும். கொலையுண்டவரே சாட்சியாக வந்த பிறகு வாதத்துக்கு என்ன இடம் என்று தோன்றும். ஆனால் காட்சி உண்மையாக இருக்க, அதற்கு இளவரசி சொல்லும் விளக்கத்தில்தான் பிழை இருக்கும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற நம் பழமொழியை அப்படியே விளையாட்டு விதியாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. கருவியைத் தந்துவிட்டு, அதைப் படிக்கும் வேலையை நம்மிடம் விட்டுவைத்ததால், பிற்காலப் பாகங்களில் இதையே நான் மேலாக வைக்கிறேன். கதை அளவுக்கு மீறி நீண்டுவிட்டது உண்மைதான்.

டகுமி திரும்பி வந்து எழுதிய மெய்ஜி காலக் கதையின் இரு பாகங்களும் ஜப்பானில் 2015-இலும் 2017-இலும் வெளிவந்தன. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகக் கிடைக்க 2021 ஆயிற்று. ஃபீனிக்ஸின் மூதாதையான ரியூனோசுகே நருஹோதோ, இரவில் எரிவாயு விளக்குகள் எரியும் இலண்டனுக்குப் போய் ஆறு ஜூரிகளின் முன் வாதாடுகிறான். 1900-இல் உண்மையாகவே இலண்டனுக்குப் படிக்கச் சென்ற எழுத்தாளர் நட்சுமே சோசெகி, இங்கே அவனுடைய கட்சிக்காரராகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். ஆறு ஜூரிகளும் குற்றவாளி என்று முடிவெடுத்துவிட்டால் வழக்கு முடிந்தது. அதைத் தடுக்க, ஒவ்வொரு ஜூரியும் தம் முடிவுக்குச் சொல்லும் காரணங்களைக் கேட்டு, ஒருவர் சொல்லும் மற்றவர் சொல்லும் எங்கே மோதுகின்றன என்று காட்ட வேண்டும். மாயமணி, கைக்காப்பு, பொறி எதுவுமில்லை. வாக்கியத்தை வாக்கியத்தோடு மோதவிடும் பழைய வேலைக்கே, இன்னும் செழுமையாக, தொடர் திரும்பியிருக்கிறது.

இலண்டனில் ரியூனோசுகேயின் முதல் வழக்கு, குதிரைகள் இழுக்கும் ஓம்னிபஸ் வண்டிக்குள் நடந்த கொலை. கட்சிக்காரர் மேக்னஸ் மெக்கில்டெட், ஏழைகளுக்கு வாரி வழங்கும் செல்வந்தர். விசாரணையின் நடுவில், முன்பு இல்லாத இரத்தக் கறை ஒன்று வண்டிக்குள் காணப்படுகிறது. அது அவருக்குச் சாதகமாக இருக்கிறது. அதை யாரோ பிறகு சேர்த்திருக்கிறார்கள் என்று நமக்கும் படுகிறது, ரியூனோசுகேயிற்கும் படுகிறது. விடுதலை என்று தீர்ப்பு வருகிறது. வென்ற மகிழ்ச்சி சிறிதும் இல்லாமல் அவன் நிற்கும்போதே, அதே வண்டி தீப்பற்றி எரிந்து, உள்ளே மெக்கில்டெட் மாண்டார் என்ற செய்தி வருகிறது. தொடரின் எல்லா வெற்றிகளுக்கும் காகிதத் துணுக்குகள் பறந்து ஆரவாரம் எழும். அவற்றையெல்லாம் பார்த்துப் பழகிய பிறகு இந்த வழக்குக்கு வருகிறவருக்குத்தான் அந்த அமைதியின் கனம் தெரியும். எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்கும் நண்பர்களிடம், 2001-இன் கடிகாரத்திலிருந்தே தொடங்குங்கள் என்று நான் சொல்லிவருவது அதனால்தான்.