மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அறைக் குறிப்புகள்: அக்டோபர் 2025

அக்டோபர் 6, திங்கள்

வாரத்தின் முதல் வேலை ஃபேண்டம் படம். அழுத்திய நிலையில் 4.2 செ.மீ. இருக்கும் மார்பகத்துக்கு ஈடான அக்ரிலிக் கட்டை அது. உள்ளே மெழுகில் 6 இழைகள், 5 துகள் கூட்டங்கள், 5 கட்டிகள் பதித்திருக்கும். குறைந்தது 4 இழை, 3 துகள் கூட்டம், 3 கட்டி தெரிந்தாக வேண்டும். படத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று தென்பட்டால் முதலில் பேடிலையும் (மார்பகத்தை அழுத்தும் தகடு) டிடெக்டர் (படம் பதியும் தட்டு) மூடியையும் துடைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். போய்விட்டால் தூசி. அதே இடத்தில் நின்றால் டிடெக்டரைக் காலிபரேஷன் செய்யாமல் யாரையும் உள்ளே அழைக்கக் கூடாது. அந்தப் புள்ளி நாளைக்கு யாரோ ஒருவர் ரிப்போர்ட்டில் சுண்ணாம்புத் துகளாக, அதாவது புற்றின் அறிகுறியாகவும் இருக்கக்கூடிய கால்சியப் படிவாக ஏறிவிடும்.

அக்டோபர் 7, செவ்வாய்

எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் டிடெக்டர் மேல் வராத திசுவைக் காட்டாது. அதனால் நிற்கவைக்கும் விதத்துக்கே அதிக நேரம் கொடுக்கிறோம்.

சாய்வுப் படத்தில், அதாவது எம்.எல்.ஓ.வில், கருவியின் கோணம் மார்புத் தசைக்கு இணையாக இருக்க வேண்டும். குட்டையாகப் பருமனாக இருப்பவருக்கு 40 டிகிரி பக்கம், உயரமாக மெலிந்தவருக்கு 60 பக்கம். எல்லோருக்கும் 45 என்று பூட்டிவைப்பது சோம்பல். தசை அகலமாகத் தொடங்கி முலைக்காம்பு மட்டம் வரை இறங்க வேண்டும். மார்புக்கு அடியிலுள்ள மடிப்பு விரிந்து தெரிய வேண்டும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் தசை விறைத்து, பின்பக்கத் திசு வெளியே தங்கிவிடும். “தோளைத் தளர விடுங்கம்மா, கம்பியைச் சும்மா தொட்டாப் போதும்” என்று சொல்லிவிட்டு அழுத்தினால் ஒரு செ.மீ. கூடுதலாக உள்ளே வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

சரிபார்க்க ஓர் அளவு உண்டு. முலைக்காம்பிலிருந்து தசை வரை எம்.எல்.ஓ.வில் அளந்து, மேலிருந்து எடுத்த சி.சி. படத்தின் ஆழத்தோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 1 செ.மீ.க்கு மேல் போனால் சி.சி.யில் திசு விட்டுப்போயிருக்கிறது.

அழுத்தம் பொதுவாக 100 முதல் 150 நியூட்டன். எண்ணைவிட, தோல் இறுகி நிற்கிறதா என்பதே முக்கியம். மெலிந்து பரவினால் கதிர்ச் சிதறலும் குறையும், உடலில் படும் கதிர் டோஸும் குறையும், அசைவும் நிற்கும். அசைவு முதலில் தெரிவது எம்.எல்.ஓ.வின் கீழ்ப்பகுதியில், முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்தால் மட்டும்தான் தெரியும்.

பவுடர், டியோடரன்ட், துத்தநாகக் களிம்பு மூன்றையும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். தாலியைக் கழற்றச் சொல்லத் தேவையில்லை, முதுகுப் பக்கம் தள்ளிவிட்டால் போதும். எம்.ஆர்.ஐ. என்றால் அதுவும் கழற்றித்தான் ஆக வேண்டும். அதை அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அக்டோபர் 9, வியாழன்

சுண்ணாம்புத் துகள்களுக்கு மேக்னிஃபிகேஷன் (பெரிதாக்கிய) படம்: 1.5 முதல் 1.8 மடங்கு, 0.1 மி.மீ. ஃபோக்கல் ஸ்பாட் (குழாயில் கதிர் புறப்படும் புள்ளி), கிரிட் (சிதறலைத் தடுக்கும் சல்லடை) இல்லாமல். சி.சி.யோடு நிறுத்தாமல் 90 டிகிரி பக்கவாட்டிலும் எடுக்க வேண்டும். சிறு நீர்ப்பைகளில் தங்கிய சுண்ணாம்பு, மேலிருந்து பார்த்தால் மங்கிய பொட்டு. பக்கவாட்டில் அடியில் படிந்து பிறை போல வளைந்து நிற்கும். அப்படி உருமாறினால் பயாப்ஸி, அதாவது ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது, தேவையில்லை. நூலாக நீண்டு கிளை பிரிந்து பால் நாளத்தின் போக்கிலேயே ஓடினால் பயாப்ஸிக்குத் தயங்கக் கூடாது. பை-ராட்ஸ் (மேமோகிராம் முடிவுக்கான தர வரிசை) 4 என்று மட்டும் எழுதினால் அறுவை மருத்துவருக்கு எதுவும் விளங்காது: புற்றாக இருக்கும் வாய்ப்பு 4ஏ 10 சதவீதம் வரை, 4பி 50 வரை, 4சி 95க்குக் கீழ். எழுத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அக்டோபர் 10, வெள்ளி

ஸ்டீரியோ பயாப்ஸி. இருபுறமும் 15 டிகிரியில் இரண்டு படம் எடுத்து ஆழத்தைக் கணக்கிடுகிறது கருவி. இரண்டிலும் அதே துகளைத்தான் குறித்தோமா என்று மறுபடி பார்க்க வேண்டும். பக்கத்துத் துகளைத் தொட்டுவிட்டால் ஆழம் தவறி, ஊசி வெறுந்திசுவுக்குப் போகும். அழுத்திய மார்பகம் மெலிதாக இருந்தால் ஊசி முனை மறுபக்கத் தோலைத் துளைக்கும் ஆபத்து உண்டு. அந்த இடைவெளி போதாவிட்டால் திசையை மாற்ற வேண்டும்.

9 கேஜ் தடிமனுள்ள, திசுவை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் ஊசி. எடுத்த துண்டுகளை உடனே எக்ஸ்ரே எடுத்து, துகள் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊசியை வெளியே எடுக்கலாம். துகள் இருக்கும் துண்டுகளைத் தனிப் புட்டியில் போட்டால் திசுவைச் சோதிக்கும் பேதாலஜிஸ்ட்டுக்கு உதவி. ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும். ஊறும் நேரம் 6 முதல் 72 மணி. எந்தச் சிகிச்சை என்று தீர்மானிக்க உதவும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 சோதனை முடிவுகள் இதை நம்பியிருக்கின்றன. சனிக்கிழமை மாலை எடுத்ததைப் புதன் வரை மறந்துவிட்டால் அந்த முடிவை நம்ப முடியாது.

அக்டோபர் 13, திங்கள்

டோமோசிந்தசிஸ் (3டி மேமோகிராம்) அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2011இல். எக்ஸ்ரே குழாய் வில்லாக நகர்ந்து பல கோணங்களில் எடுத்ததை 1 மி.மீ. அடுக்குகளாகப் பிரித்துத் தருகிறது. ஒன்றின்மேல் ஒன்று படிந்த திசு விலகுவதால், கட்டியே இல்லாமல் திசு இழுபட்டு நிற்பது இதில் நன்றாகத் தெரியும். வில் 15 டிகிரியா 50 டிகிரியா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அகன்ற வில்லில் ஆழம் தெளிவு, ஆனால் நேரம் கூடும், அசையும் வாய்ப்பும் கூடும்.

மிக அடர்ந்த, அதாவது கொழுப்பு குறைந்து சுரப்பித் திசு நிறைந்த மார்பகத்துக்கு இதுவும் போதாது. நெதர்லாந்தின் டென்ஸ் ஆய்வில், மேமோகிராம் இயல்பாக இருந்த மிக அடர்ந்த மார்பகக்காரர்களில் ஒரு பகுதியினரை எம்.ஆர்.ஐ.க்கு அழைத்தார்கள். இரு பரிசோதனைகளுக்கு இடையில் தலைகாட்டும் புற்று ஆயிரத்துக்கு 5.0இலிருந்து 2.5 ஆகக் குறைந்தது.

அக்டோபர் 15, புதன்

எம்.ஆர்.ஐ. கிடைக்காதவர்களுக்கு கான்ட்ராஸ்ட் மேமோகிராம் நல்ல மாற்று. ரத்தத்தில் செலுத்தும் அயோடின் மருந்து உடல் எடையில் கிலோவுக்கு 1.5 மி.லி., நொடிக்கு 3 மி.லி. வேகம். செலுத்தும்போது மார்பகத்தை அழுத்தக் கூடாது, ரத்தம் ஓட வேண்டும். 2 நிமிடம் கழித்துத் தொடங்கி எட்டு நிமிடத்துக்குள் இரு பக்கமும் முடித்துவிட வேண்டும். தாமதித்தால் சுற்றுத் திசுவும் ஏறி, கட்டி கலந்துபோகும். சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட் இல்லாமல் ஆரம்பிப்பதில்லை.

மாதவிடாய் நிற்காதவர்களுக்கு அவசரமில்லாத எம்.ஆர்.ஐ.யை மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 7 முதல் 14ஆம் நாளுக்குள் வைத்தால் சாதாரணத் திசுவின் தேவையற்ற பிரகாசம் குறையும். புற்று உறுதியானவருக்கு இதற்காகக் காத்திருக்கக் கூடாது.

அக்டோபர் 16, வியாழன்

ஸ்வீடனின் மசாய் ஆய்வின் முதற்கட்ட முடிவு: 80,033 பெண்கள், மேமோகிராம்களை ஏ.ஐ. உதவியோடு படித்ததில் வாசிப்பு வேலை 44.3 சதவீதம் குறைந்தது, கண்டுபிடிப்பு குறையவில்லை. அங்கே வழக்கமாக இரண்டு மருத்துவர்கள் படிப்பார்கள், வருபவர்கள் அறிகுறி இல்லாதவர்கள். நம்மிடம் பலர் கையில் தட்டுப்பட்ட கட்டியோடு வருகிறார்கள். அவர்களுக்கு ஏ.ஐ. மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், கட்டி இருக்கும் இடத்தில் அல்ட்ராசவுண்ட் பார்த்தே ஆக வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

கீமோ முதலில் கொடுப்பதென்றால் ஆரம்பிக்கும் முன்பே கட்டிக்குள் க்ளிப் (இடத்தைக் காட்டும் சிறு உலோக அடையாளம்) வைத்துவிட வேண்டும். மருந்து நன்றாக வேலை செய்தால் கட்டி முழுதும் கரைந்து, எங்கே வெட்டுவது என்பதற்கு அடையாளமே இருக்காது. அக்குளில் புற்று உறுதியான நெறிகட்டிக்கும் தனி வடிவ க்ளிப். வைத்தவுடன் இரு படம் எடுத்து, க்ளிப் நகர்ந்திருந்தால் எந்தத் திசையில் எத்தனை மி.மீ. என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். க்ளிப்பின் வடிவம், மார்பகத்தின் பக்கம், மார்பகத்தைக் கடிகாரமாகக் கொண்டு சொல்லும் மணி நிலை, முலைக்காம்பிலிருந்து தூரம் நான்கையும் நோயாளியின் ஃபைலில் தனித்தாளாகச் செருகிக் கொடுக்கிறோம். ஆறு மாதம் கழித்து வேறு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தாலும் அந்தத் தாள் கூடவே போகும்.