செம்பனின் கீழ்த்தாடை: சுங்கை சிப்புட் லாயக் குறிப்புகள்

ஜூலை 7, திங்கள்

விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தீவனம் வைக்கப் போனபோது குதிரை செம்பன் கதவருகே வரவில்லை. மூலையில் தலையைத் தாழ்த்தி நின்றிருந்தான். உதட்டோரத்தில் இரத்தம் கலந்த எச்சில் நூலாக வழிந்துகொண்டிருந்தது. கைவிளக்கை அடித்து உதட்டை மெல்ல விலக்கிப் பார்த்தேன். கீழ்வரிசையின் ஆறு வெட்டுப்பற்களில் இடப்பக்கத்து மூன்றும், அவற்றைத் தாங்கும் எலும்போடு சேர்ந்து பெயர்ந்து, முன்பக்கமாகச் சாய்ந்து தொங்கின. கிழிந்த ஈற்றுக்குள் புல்லும் தவிடும் அப்பிக் கிடந்தன.

காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த தண்ணீர் வாளி தரையில் உருண்டு கிடந்தது. அதன் கம்பிக் கைப்பிடி நெளிந்திருந்தது. கைப்பிடியைக் கடித்து ஆட்டுவது அவனுடைய பழக்கம். இரவு பெய்த மழையில் இடி விழுந்த நேரத்தில் கம்பி பல்லுக்குள் மாட்டியிருக்க வேண்டும். மிரண்ட குதிரை தலையைப் பின்னுக்கு இழுக்கும். ஐந்நூறு கிலோ உடம்பின் முழு இழுப்பும் அந்த மூன்று பற்களின் மேல் விழுந்திருக்கிறது. ஈப்போ பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக, வேலை பார்த்த அப்பா, லாயத்துக்குள் கைப்பிடி உள்ள வாளியைத் தொங்கவிட மாட்டார். அது தெரிந்தும் மாற்றாமல் விட்டவன் நான்.

காலையில் பார்க்க வந்த ஒருவர், ஆடுகிற பற்களைக் குறட்டால் பிடுங்கிவிட்டால் புண் தானாக ஆறிவிடும் என்றார். அவரைத் தடுத்துவிட்டு கால்நடை மருத்துவரான டாக்டரம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். “ஒரு பல்லையும் எடுக்காதீங்க அண்ணே. அந்தப் பல்லுங்கதான் நாளைக்கு நமக்குப் பிடிமானம். உப்புத் தண்ணியால வாயை அலசுங்க, காய்ந்த தீவனம் எதுவும் வேண்டாம்,” என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று நடந்ததை விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் இப்படி ஒரு காயத்தைப் பார்த்தவுடன் குதிரை இனி தேறாது என்று கைவிடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

டாக்டரம்மா காலை ஒன்பது மணிக்கு உதவியாளரோடு வந்தார். செம்பனைப் படுக்க வைக்கவில்லை. நின்ற நிலையிலேயே அறுவை நடந்தது. மயக்கம் தரும் டெட்டோமிடினும் பியூட்டோர்ஃபனாலும் இரத்தநாளத்தில் ஏற்றியதும் சில நிமிடங்களில் அவன் தலை தொங்கிவிட்டது, அதை ஒரு தாங்கியின் மேல் வைத்தார்கள். மயக்கம் மட்டும் வலியை மறைக்காது என்பதால், கீழ்த்தாடையின் பக்கத்தில் நரம்பு வெளிவரும் துளையை விரலால் தடவிக் கண்டுபிடித்து, இரு புறமும் மரப்பு ஊசி போட்டார். வாயைத் திறந்து வைக்க வழக்கமாக வெட்டுப்பற்களில் மாட்டும் கருவியை இங்கே பயன்படுத்த முடியாது, உடைந்ததே அந்த இடம்தான். ஆகவே கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஒரு கட்டையைக் கொடுத்தார்கள். படத்தட்டை வாய்க்குள்ளேயே வைத்து எடுத்த எக்ஸ்ரேயில், பல்லின் வேர்கள் முறியாமல் இருந்தது தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த அரைமணி நேரமும் கழுவுவதிலேயே போனது. அப்பியிருந்த புல்லை எல்லாம் எடுத்து, ஒட்டு எதுவும் இல்லாமல் தனியாகக் கிடந்த இரண்டு சிறிய எலும்புச் சில்லுகளை மட்டும் நீக்கினார். ஈற்றோடு ஒட்டியிருந்த எதையும் அவர் தொடவில்லை. பிறகு சாய்ந்திருந்த பற்களை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி நிமிர்த்தினார். அவை தம் இடத்தில் போய் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

கம்பி கட்டுவதுதான் இதன் உயிர்நாடி. பல்லுக்கும் பல்லுக்கும் இடையில், ஈற்றை ஒட்டி, தடித்த ஊசியை நுழைத்து அதன் துளை வழியாக எஃகுக் கம்பியைச் செலுத்தினார். வலப்பக்கத்து அசையாத மூன்று பற்களையும், இடப்பக்கத்துப் பெயர்ந்த மூன்றையும் சுற்றி, பின்னால் இருக்கும் கோரைப்பல் வரை கம்பியைக் கொண்டுபோய் முறுக்கினார். கோரைப்பல் கூம்பாக இருப்பதால் கம்பி வழுக்கிவிடும். அதற்காகப் பல்லின் அடியில் ஒரு சிறு பள்ளம் அரவிக்கொண்டார். பெரும்பாலான பெட்டைக் குதிரைகளுக்கு இந்தப் பல் வளர்வதில்லை, அப்போது கம்பியைக் கடைவாய்ப்பல் வரை இழுத்துக் கட்ட வேண்டிவரும் என்றார். செம்பன் காயடிக்கப்பட்ட ஆண் என்பது இன்று உதவியது.

கம்பி ஏன் வாயின் உட்பக்கத்தில் போகிறது என்று கேட்டேன். குதிரை கடிக்கும்போது தாடையின் பல்வரிசைப் பக்கம்தான் இழுபட்டு விரிய முயலும். விரியும் பக்கத்தில் கம்பி இறுக்கிப் பிடித்திருந்தால், அதே கடிவிசை உடைந்த முகங்களை ஒன்றோடொன்று அழுத்திச் சேர்க்கும் என்று விளக்கினார். பின்பக்கத்துத் தாடை உடைந்தால் எல்லா நேரமும் கம்பி போதாது, தகடும் திருகாணியும் வைக்க வேண்டிவரும், வெளியிலிருந்து ஊசிச் சட்டம் பொருத்துவதும் உண்டு. ஆனால் ஒரு பக்கம் மட்டும் விலகாமல் விரிசல் விட்டிருந்தால், மறுபக்கத் தாடையே தாங்கிப் பிடிக்க, அறுவையின்றி ஆறிவிடுவதும் உண்டு என்றார்.

முறுக்கிய முனைகளை மடக்கி, உதட்டைக் கிழிக்காதபடி பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அக்ரிலிக் பசையால் மூடினார். ஈற்றை முழுவதுமாகத் தைக்காமல் நீர் வடிய இடம் விட்டார். டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டார். அந்த நோய் குதிரையை எளிதில் தாக்கிக் கொல்லக்கூடியது.

ஜூலை 9, புதன்

நேற்று மயக்கம் முழுதும் தெளியும் வரை ஒரு பிடி தீவனமும் கொடுக்கவில்லை, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இன்று ஊறவைத்த தீவன உருண்டையைக் கூழாக்கிக் கொடுத்தேன். நாக்கால் வழித்துத் தின்றான். எல்லாத் தடுப்புகளிலும் கைப்பிடி இல்லாத ரப்பர் தொட்டிகளை வைத்தாயிற்று.

ஜூலை 14, திங்கள்

ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு தீவனத்துக்குப் பிறகும், நீர்த்த குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியைப் பெரிய ஊசிக்குழாயில் எடுத்துக் கம்பிகளின் இடுக்கெல்லாம் பீய்ச்சிக் கழுவுகிறேன். வாய்நாற்றம் குறைந்துவிட்டது. உமிழ்நீரும் உணவும் நாள் முழுவதும் படும் திறந்த முறிவு இப்படி ஆறுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. தாடைக்கும் ஈற்றுக்கும் இரத்த ஓட்டம் மிகுதி, கால் எலும்பில் இதே அழுக்கு பட்டிருந்தால் கதை வேறு என்று டாக்டரம்மா சொன்னார்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் செம்பனுக்குக் கரும்புத் துண்டுகளும் கேரட்டும் கொண்டுவந்தார்கள். கொடுக்க விடவில்லை. அவர்கள் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. எனவே ஒவ்வொருவரையும் அழைத்து உதட்டைத் தூக்கிக் கம்பிகளைக் காட்டினேன். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான பழைய லயத்தின் கடைசி நான்கு வீடுகளை இடித்துக் கட்டிய லாயம் இது. அங்கே பிறந்த ஒரு பாட்டி, கேரட்டைத் துருவிக் கூழில் கலந்து கொடுக்கலாமே என்றார். கொடுத்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் கழுவும்போது கோரைப்பல் பக்கத்துக் கம்பி விரலுக்கு அசைந்தது. எலும்பு சேரும்போது கம்பி தளர்வது உண்டு என்று டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். மாலையில் வந்து, லேசான மயக்கம் கொடுத்து, இன்னும் ஒரு சுற்று முறுக்கி இறுக்கினார். தினமும் தொட்டுப் பார்த்திருக்காவிட்டால் தளர்ந்த கம்பி அசைந்து அசைந்தே அறுந்திருக்கும்.

ஆகஸ்ட் 23, சனி

ஆறரை வாரம் ஆகிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவுக்கோடு மங்கியிருந்தது. பற்களை விரலால் அசைத்துப் பார்த்தால் அசைவில்லை. டாக்டரம்மா அக்ரிலிக்கை உடைத்து, கம்பிகளை வெட்டி, ஒவ்வொரு துண்டாக உருவி எடுத்தார். துண்டுகளை எண்ணி, கட்டியபோது எழுதிவைத்த குறிப்போடு ஒப்பிட்ட பிறகுதான் கருவிகளைக் கழுவினார்.

மேய்ச்சலுக்கு இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். அதுவரை நேப்பியர் புல்லை விரல்நீளத்துக்கு நறுக்கிப் போட வேண்டும். ஓரத்துப் பல் சற்று நிறம் மாறியிருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் உயிருள்ள திசுவான உயிர்க்கூழ் செத்திருக்கலாம். மோவாய்க்கு அடியில் வீக்கமோ சீழோ தென்பட்டால் உடனே அழைக்க வேண்டும், இல்லாவிட்டால் நவம்பரில் மறுபடி எக்ஸ்ரே. நாளை காலை முதல் தீவனத்துக்கு முன்பு மோவாயைத் தடவிப் பார்த்து இங்கேயே குறித்துவைப்பேன்.