635 கிராம்

நவம்பர் 6
மழை. தோள் பயிற்சிக்காகச் சுவரில் மேலே ஏற்றிய விரல் நேற்றைய பென்சில் கோட்டோடு நின்றுவிட்டது.

நவம்பர் 8
பழைய 55-250 மி.மீ. கேமரா லென்ஸை வெளியே எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. ஆகஸ்டிலிருந்து பைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. செருப்புக்கே பூஞ்சை பிடிக்கிற ஊர் கோத்தகிரி, எனக்குத் தெரியாதா? கையைத் தூக்க முடியாத நாட்களில் அந்தப் பையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நவம்பர் 9
அண்ணன் கோவையிலிருந்து பேசினான். பொங்கல் லீவில் பறவைப் படம் எடுக்க நான்கு நாள்: லாங்வுட், அவலாஞ்சி, மசினகுடி. "புது லென்ஸ் எதுன்னு முடிவு பண்ணிட்டியா?" தோளைப் பற்றிக் கேட்கவே இல்லை. நல்லவன்.

நவம்பர் 12
இரவு முழுக்க எடைக் கணக்கு. சிக்மா 150-600 லென்ஸ், 1.93 கிலோ. என் கேனான் ஆர்10 கேமரா பாடி 429 கிராம். இரண்டையும் இணைக்க நடுவில் அடாப்டர் வேறு. ஆக, இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கேனான் ஆர்எஃப் 100-400 என்றால் லென்ஸ் 635 கிராம், பாடியோடு சேர்த்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

காலையில் மஞ்சப்பையில் இரண்டரைக் கிலோ அரிசி போட்டுக் கண்ணுக்கு நேரே தூக்கினேன். எட்டு எண்ணுவதற்குள் தோள் கத்தியது. அடுத்து ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட். நாற்பது வரை எண்ணினேன். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 13
இன்றும் அம்மாதான் தலை பின்னிவிட்டாள்.

நவம்பர் 17
எடை சரி, வெளிச்சம்? சோலைக்காட்டுக்குள் நடுப்பகலிலும் விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருக்கும். கறுப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் புதருக்கடியில்தான் உட்காரும், மேலே வராது. கேனான் லென்ஸ் 400-இல் எஃப்/8, அதாவது சின்னத் துளை, கொஞ்சம்தான் வெளிச்சம் உள்ளே வரும். கேமராவின் வெளிச்ச உணர்திறனை, ஐஎஸ்ஓவை, 6400-க்கு மேல் ஏற்றாமல் படம் வராது. சிக்மா 600-இல் எஃப்/6.3, ஒரு ஸ்டாப்கூட, அதாவது வெளிச்சம் இரு மடங்காகிற அளவுகூட, வித்தியாசம் இல்லை. இதற்காகவா அந்தப் பாரம்? ஸ்டெபிலைசர் என் கை நடுக்கத்தைப் பிடிக்கும், குருவி வாலை ஆட்டுவதைப் பிடிக்காது.

தவிர அந்தக் குருவி கூச்சப்படாது. பொறுமையாக உட்கார்ந்திருந்தால் நாலு அடி தூரத்துக்கே வந்துவிடும். அதற்கு எதற்கு 600?

நவம்பர் 18
ஆனால் மசினகுடியில் வானத்தில் வட்டமிடும் பாறு கழுகுக்கு?

நவம்பர் 21
லென்ஸ் பையில் ஈரம் உறிஞ்சப் போட்ட சிலிகா ஜெல் நீலம் போய் ரோஜா நிறமாகிவிட்டது. பழைய வாணலியில் லேசாகச் சூடாக்கினேன், திரும்ப நீலம். அந்த வாணலியை இனிச் சமையலுக்குத் தொடக் கூடாது என்று அம்மாவிடம் மூன்று தடவை சொல்லியாயிற்று. மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்க வேண்டும்.

நவம்பர் 25
ஊட்டியில் தோழியின் சிக்மாவை மோனோபாடில், ஒற்றைக்கால் தாங்கியில், வைத்துப் பார்த்தேன். நிற்கிற காட்டெருமைக்கு அருமை. தோளில் பாரமே இல்லை. ஆனால் குருவி கிளை மாறும்போது அந்தக் காலை இழுத்துத் திருப்புவதற்குள் அது போய்விடுகிறது. ஜீப்பில் காலை எங்கே ஊன்றுவது? அங்கே ஜன்னல் விளிம்பில் அரிசிப் பைதான் வைக்க வேண்டும். மறுபடியும் அரிசி!

வாங்கத் தேவையில்லை, கோவையில் நாள் வாடகைக்குக் கிடைக்கும் என்றாள். முன்பணம் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

நவம்பர் 30
சுவரில் கோடு இரண்டு விரற்கடை ஏறியிருக்கிறது! இரண்டு!

டிசம்பர் 5
டாக்டர் இன்னும் ஆறு வாரம் என்கிறார். விரலை மடக்கி எண்ணினேன், பொங்கல் தாண்டிப் போகிறது. கனமாக எதையும் தூக்கக் கூடாதாம். எவ்வளவு கனம் என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார். அரிசி, பருப்பு என்று உளறிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 6
100-400-க்கு ஆர்டர் போட்டுவிட்டேன். அண்ணனுக்குக் கோபம். "மசினகுடிக்கு அது எப்படிப் பத்தும்?" என் கேமராவின் சின்ன சென்சாரில் 400 என்பது 640 மாதிரி நெருக்கமாகக் காட்டும் என்று விளக்கினேன். "அப்போ 600 போட்டா 960 ஆகுமே?" அவன் கணக்கு சரிதான். கழுகு தூரத்தில் சின்னப் புள்ளியாகத் தெரிந்தால் தெரியட்டும்.

டிசம்பர் 7
இடது கையாலேயே பின்னிப் பார்த்தேன். கோணல்.

டிசம்பர் 10
பார்சல் மேட்டுப்பாளையம் வந்துவிட்டதாம். கோத்தகிரி ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது.