முழு உடற் பரிசோதனை எட்டிப் பார்க்காத இடம்

கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலைகளின் ‘முழு உடற் பரிசோதனை’ துண்டுப்பிரசுரத்தைக் காணாத வீடு வெள்ளவத்தையில் குறைவு. குருதிச் சீனி, கொலஸ்ட்ரோல், ஈரல், சிறுநீரகம், ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் என்று பட்டியல் நீளும். மேலதிகக் கட்டணம் செலுத்தினால் ‘புற்றுநோய்க் குறிகாட்டி’ என்று ஒரு இரத்தப் பரிசோதனையும் சேர்த்துக்கொள்வார்கள். ஐம்பதைத் தாண்டிய என் நண்பர்கள் பலர் இதைச் செய்துவிட்டு, “கான்சரும் பார்த்தாச்சு” என்று நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

அந்தப் பட்டியலில் உள்ள எதுவும் குடலின் உட்சுவரைப் பார்ப்பதில்லை. வயிற்று ஸ்கேனில் ஈரலும் பித்தப்பையும் தெரியும். பெருங்குடலுக்குள் சில மில்லிமீற்றர் அளவில் முளைத்திருக்கும் சதைத் துணுக்கான பொலிப் தெரியாது. குறிகாட்டி என்று சொல்லப்படும் ‘சீஈஏ’ பரிசோதனை, ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டவருக்குச் சிகிச்சையின் பின் அது மீண்டும் தலைதூக்குகிறதா என்று கண்காணிப்பதற்கே பயன்படுகிறது. ஆரம்ப நிலைப் புற்றுநோயில் அதன் அளவு சாதாரணமாகவே இருக்கலாம். புற்றுநோயே இல்லாத புகைபிடிப்பவருக்கு அது உயர்ந்திருக்கவும் கூடும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல புற்றுநோய்களில் முற்கூட்டிய பரிசோதனை என்பது வந்துவிட்ட நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது மாத்திரமே. பெருங்குடலில் அப்படியல்ல. அங்கு ஏற்படும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை அடினோமா எனப்படும் தீங்கற்ற பொலிப்பாகத் தொடங்கி, ஏறத்தாழ பத்து ஆண்டுகளோ அதற்கும் மேலாகவோ எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மாறுகின்றன. அந்தக் காலத்துக்குள், ஆசனவாய் வழியாகக் கமராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனொஸ்கொபி செய்து பொலிப்பை வெட்டி எடுத்துவிட்டால், அது புற்றுநோயாக மாறுவதற்கே வழியில்லாமற் போகிறது. பரிசோதனையும் தடுப்பும் ஒரே மேசையில் நடந்துவிடுகின்றன.

எங்கள் குடும்பத்துக்கு இது அண்ணருக்கு வந்த பெருங்குடற் புற்றுநோயோடுதான் விளங்கியது. அவருக்கு 53 வயதில் களைப்பும் மூச்சு வாங்குதலும் ஏற்பட்டு, இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவாக இருப்பது தெரியவந்தது. அவர் வழமையாகக் காட்டும் வைத்தியர் இரும்புச்சத்துக் குளிசைகளை எழுதிக் கொடுத்து, கீரையும் ஈரலும் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டார். இரத்தம் எங்கே போகிறது என்ற கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. வலப்பக்கப் பெருங்குடலில் கட்டி இருந்தால் இரத்தம் கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே கசிந்து மலத்தோடு கலந்துவிடும். வயிற்றோட்டமோ மலச்சிக்கலோ இல்லாமல் இரத்தச்சோகை மாத்திரம் தெரியும். ஓர் ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் இரத்தச்சோகை வந்தால், குளிசை கொடுப்பதோடு நில்லாமல் இரைப்பையையும் பெருங்குடலையும் கமரா கொண்டு பார்க்க வேண்டும் என்பது வைத்தியத்தில் நிலைபெற்ற விதி. அண்ணர் சத்திரசிகிச்சை முடிந்து, மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் மருந்தேற்றி, இப்போது வழமைபோல் கடைக்குப் போய் வருகிறார். ஆனாலும் அந்தக் குளிசை மாதங்களை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

அவருக்குச் சிகிச்சை அளித்த விசேட வைத்திய நிபுணர்தான் எங்களையும் கூப்பிட்டு விடயத்தைச் சொன்னார். பெற்றோரிலோ சகோதரரிலோ பிள்ளைகளிலோ ஒருவருக்கு 60 வயதுக்கு முன் பெருங்குடற் புற்றுநோய் வந்திருந்தால், ஏனையோர் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்பாக, இவற்றில் எது முந்தியதோ அப்போது கொலனொஸ்கொபி செய்யத் தொடங்க வேண்டும். எனக்கும் அக்காவுக்கும் அந்த வயது கடந்திருந்தது. பெறாமகனுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. குடும்பத்தில் இத்தகைய வரலாறு இல்லாதவர்களுக்கு 50 வயது என்றிருந்த வரம்பை அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2021இல் 45 ஆகக் குறைத்தது. இளவயதினரிடையே இந்நோய் கூடி வருவதே அதற்குக் காரணம்.

கொலனொஸ்கொபியில் கடினமான பகுதி அதற்கு முந்தைய நாள்தான். கீரை, பழங்கள், விதையுள்ள மரக்கறி, சிவப்பரிசிச் சோறு எல்லாவற்றையும் முன்கூட்டியே நிறுத்திவிட்டு, முந்தைய நாள் தெளிந்த பானங்களோடு மாத்திரம் இருக்க வேண்டும். பால் சேர்க்காத பிளேன்டீ குடிக்கலாம். சிவப்பு நிறச் சர்பத் கூடாது, ஏனென்றால் குடலில் அந்த நிறம் இரத்தம்போலத் தோன்றும். பிறகு குடலைச் சுத்தமாக்கும் பேதிப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, மாலையிலும் மறுநாள் விடியற்காலையிலுமாகக் குடிக்க வேண்டும். உப்பும் எலுமிச்சை வாசனையும் கலந்த அந்தத் திரவத்தை நன்றாகக் குளிரவைத்து உறிஞ்சுகுழாயால் குடித்தால் ஓரளவு இறங்கும். கடைசியில் மலம் மஞ்சள் நிறத் தண்ணீராகப் போனால்தான் குடல் சுத்தமாகியிருக்கிறது என்று அர்த்தம். அரைகுறையாகச் சுத்தம் செய்துகொண்டு போனால் வைத்தியரால் சிறிய பொலிப்பைக் காண முடியாது. சீனி வருத்தத்துக்கு மருந்தெடுப்பவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து பாவிப்பவர்களும் இவற்றை எப்படி மாற்றிக்கொள்வது என்று முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பரிசோதனை அரை மணித்தியால வேலைதான். இடப்பக்கமாகச் சரிந்து படுக்க வைத்து, மயக்கநிலை தரும் ஊசி போட்டார்கள். அதன் பிறகு திரையில் ஈரமான இளஞ்சிவப்பு நிறச் சுரங்கமொன்று தெரிந்ததும், மெல்லிய கம்பிச் சுருக்கொன்று காளான்போல நின்ற சதைத் துணுக்கின் அடியில் மாட்டி இறுகியதும் கனவுபோல நினைவிருக்கின்றன. வலி இல்லை. எடுக்கப்பட்டது அடினோமா என்று ஆய்வுகூட அறிக்கை சொன்னது. குடற்சுவரில் துளை விழுவது, இரத்தம் கசிவது போன்ற ஆபத்துகள் மிக அரிதாக உண்டு. ஒப்பப் படிவத்தில் அவை எழுதப்பட்டிருக்கும், வாசித்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.

எல்லோருக்கும் நேரடியாகக் கொலனொஸ்கொபி தேவையில்லை. குடும்ப வரலாறும் அறிகுறியும் இல்லாதவருக்கு, மலத்தில் மறைந்துள்ள மனித இரத்தத்தைக் கண்டறியும் ‘பிட்’ பரிசோதனை போதுமான தொடக்கம். உணவுக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. வீட்டிலேயே சிறு குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரையானவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதற்கான பெட்டி தபாலில் வீட்டுக்கே வருகிறது. லண்டனில் இருக்கும் நம் உறவினர்களில் எத்தனை பேர் அதைத் திறவாமலே அலுமாரிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்தால் வெட்கமாக இருக்கும். இங்கே அப்படி எல்லோரையும் அழைத்துப் பெருங்குடலைப் பரிசோதிக்கும் அரச திட்டம் இல்லை. நாமாகத்தான் வைத்தியரிடம் கேட்க வேண்டும். ஒன்று மாத்திரம்: இரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தால் கொலனொஸ்கொபி செய்தே ஆக வேண்டும், ‘இன்னொரு தடவை பார்ப்போம்’ என்று மலத்தையே திரும்பக் கொடுப்பது வீண்.

அறிகுறி உள்ளவருக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. மலத்தோடு இரத்தம் போனால் நம்மவர்கள் முதலில் அதை மூலம் என்று தாங்களே முடிவு செய்து, கருணைக்கிழங்கு சமைத்துப் பார்த்து, நாட்டு மருந்து தேடி, வெட்கத்தில் பல மாதங்களைக் கழிக்கிறார்கள். அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்று எந்த விதியும் இல்லை.

செரிமானப் பாதை வாயில் தொடங்குகிறது, இலங்கையில் ஆண்களிடையே முன்னணியில் நிற்பதும் வாய்ப் புற்றுநோய்தான். புகையிலை சேர்க்காமல் வெறும் வெற்றிலை பாக்குத்தானே போடுகிறேன் என்று பெரியம்மா சொல்வார். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்துவிட்டது. உறைப்பு பட்டால் வாய் எரிவது, ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைக்க முடியாதபடி வாய் இறுகுவது ஆகியவை பல் வைத்தியரிடம் போக வேண்டிய அறிகுறிகள். அரசின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களிலும், நாரஹேன்பிட்டவிலுள்ள புற்றுநோய் முற்கூட்டியே கண்டறியும் நிலையத்திலும் வாயைக் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள்.

இரைப்பையைப் பொறுத்தவரை, ‘காஸ்ட்ரைட்டிஸ்’ என்று சொல்லி பாமசியில் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவதே நம் ஊரின் பெரிய சிக்கல். விழுங்கும்போது தடை, காரணமில்லாத மெலிவு, கருநிற மலம் இவற்றில் ஒன்று சேர்ந்தால், வாய் வழியாகக் கமராவைச் செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் எண்டொஸ்கொபி செய்ய வேண்டும். இரைப்பைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் ஹெலிகோபக்டர் கிருமி இருந்தால் அதை மருந்தால் அழிக்கலாம். 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் பானங்களும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவையாக 2016இல் வகைப்படுத்தப்பட்டன. ஆவி பறக்காத தேநீரை நீட்டினால் முகம் சுளிக்கும் எங்கள் வீட்டில் இதைச் சொல்லி எடுபடவில்லை. புகை, மது, உடற்பருமன், சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றைக் குறைப்பதும், தவிடு நீக்காத தானியமும் மரக்கறியும் கூட்டிக்கொள்வதும் எல்லோரும் அறிந்தவையே.

கடைசியாக ஒரு நடைமுறை விடயம். கொலனொஸ்கொபி முடிந்ததும் அதன் அறிக்கையையும் பொலிப்பின் ஆய்வுகூட முடிவையும் கேட்டு வாங்கி, பிரதி எடுத்து, உடன்பிறந்தவர்களுக்கு அனுப்புங்கள். டொரொண்டோவில் அக்காவைப் பார்த்த வைத்தியர், அண்ணரின் அறிக்கையில் இருந்த வயதையும் கட்டி இருந்த இடத்தையும் படித்த பின்னர்தான் அவருக்குத் திகதி குறித்துக் கொடுத்தார்.