பாசிக்குடாவில் பூ மாதிரி ஒரு புழு

இலங்கையின் கிழக்குக் கரையில், பாசிக்குடா முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) நீலமும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னப் பூக்கள். கை நிழல் விழுந்ததும் டக்கென்று உள்ளே போய்விட்டன. "பூ இல்ல மச்சான், புழு" என்றேன். கூட வந்தவன் நம்பவில்லை.

மண்புழுவுக்குச் சொந்தம்தான், வளையப் புழுக்கள். பூ மாதிரித் தெரிந்தவை அவற்றின் இறகுகள். அவற்றால்தான் மூச்சு விடும், மிதந்து வரும் உணவையும் பிடிக்கும். சில இனங்களுக்கு இறகிலேயே கண்களும் உண்டு.

வகைப்பாட்டில் எனக்குப் பிடித்தது அவை வீடு கட்டும் விதம். சபெல்லிடே குடும்பம் மணலையும் சேற்றையும் சளியால் ஒட்டிக் குழாய் செய்யும். செர்புலிடே குடும்பம் சுண்ணாம்பில் கட்டும். பலவற்றில் ஓர் இறகே மூடியாக மாறி வாசலை அடைக்கும். நாங்கள் பார்த்தது இந்த இரண்டாவது கூட்டம். இரத்தமோ பச்சை, குளோரோகுருவோரின் என்ற நிறமியால். அதைக் கேட்டதும்தான் அவன் மறுபடி முக்குளித்தான்.