பைத்தான் 2-க்கு விடை கொடுத்த பதினைந்து மாதங்கள்

பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த தமிழ்க் கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் ஒரு சின்ன பைத்தான் லைப்ரரியை (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். பாமினி, டிஸ்கி, டாப் என்ற பழைய எழுத்து முறைகள் எல்லாவற்றையும் அது கையாளும். திறந்த மூலம் என்பதால் யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்கே தெரியாது. 2018 அக்டோபரில் 1.4 பதிப்பை வெளியிட்டபோது பைத்தான் நிரல்மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-க்கான ஆதரவை எடுத்துவிட்டேன். மாற்றக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரி இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஒரு வார இதழின் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. தங்கள் பழைய இதழ்களை ராத்திரி ராத்திரியாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். "சார், நாங்க எதையும் தொடல. ஸ்கிரிப்ட் திடீர்னு நின்னுபோச்சு" என்று எழுதி, கீழே பிழைச் செய்தியை ஒட்டியிருந்தார் அங்கே கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். சின்டாக்ஸ் எரர், அதாவது நிரலின் நடையே புரியவில்லை என்ற பிழை. நான் புதிதாக எழுதிய எஃப்-ஸ்ட்ரிங் (உரைக்குள்ளேயே மதிப்புகளைப் பொதிக்கும் வசதி) வரியைத்தான் அது காட்டியது. பைத்தான் 3.6-க்கு முன்னால் அந்த வசதியே கிடையாது. அவர்கள் ஸ்கிரிப்டின் முதல் வேலையே, லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப் மூலம் புதிய பதிப்பை இறக்கிக்கொள்வது.

தவறு முழுக்க என் பக்கம். எந்தப் பைத்தானில் ஓடும் என்று பிப்புக்குச் சொல்லும் 'பைத்தான் ரிக்வயர்ஸ்' வரியை நான் எழுதவேயில்லை. அதைவிட மோசம், 'யுனிவர்சல்' என்ற பழைய அமைப்பை அப்படியே விட்டிருந்தேன். அதனால் இரண்டு பைத்தானுக்கும் பொருந்தும் என்ற முத்திரையோடு பொதி போய்விட்டது. அன்றிரவே 1.4-ஐ நீக்கிவிட்டு, பைத்தான் 2-இலும் ஓடும் 1.4.1-ஐ வெளியிட்டேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். தேதியை நானாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தது. பைத்தான் 2-இன் கடைசிப் பதிப்பான 2.7-க்கு முதலில் குறித்த முடிவு 2015. யாரும் அவ்வளவு வேகமாக நகரவில்லை என்பதால் 2014-இல் பைத்தானை உருவாக்குபவர்கள் அதை 2020-க்குத் தள்ளிவைத்தார்கள். அந்த அவகாசம் நியாயமானது என்பதே என் எண்ணம். அதற்குப் பிறகு 2020 ஜனவரி 1 என்பதில் அவர்கள் உறுதியாக நின்றார்கள். நம்பை, ஜாங்கோ போன்ற பெரிய பைத்தான் திட்டங்களும் அதையொட்டித் தங்கள் கணக்கைச் சொல்லிவிட்டிருந்தன. நானும் அதே நாளைப் பிடித்துக்கொண்டேன். என் லைப்ரரியின் 2.0 அன்றைக்கு வரும், பைத்தான் 3-இல் மட்டும் ஓடும், 1.x வரிசைக்கு 2020 ஜூன் வரை பிழைத்திருத்தம் மட்டும் உண்டு.

2019 பிப்ரவரியில் 1.5 வந்தது. பைத்தான் 2-இல் ஓட்டினால் எச்சரிக்கை காட்டும்படி டெப்ரிகேஷன் வார்னிங் (இது விரைவில் நீக்கப்படும் என்று சொல்லும் எச்சரிக்கை வகை) சேர்த்திருந்தேன். ஒரு மாதமாகியும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் மாறிவிட்டார்கள் போல என்று சந்தோஷப்பட்டேன். பிறகு நானே சோதித்துப் பார்த்தேன்: திரையில் ஒன்றுமே வரவில்லை. அந்த வகை எச்சரிக்கையை 2.7 இயல்பாகவே மறைத்துவிடும். ஃபியூச்சர் வார்னிங் என்ற இன்னொரு வகை அப்படியில்லை, பயன்படுத்துபவர் கண்ணில் படும். அதற்கு மாற்றி 1.5.1 வெளியிட்டேன். தமிழிலேயே எழுத ஆசைதான். ஆனால் மொழி அமைப்பு சரியில்லாத சர்வரில் எச்சரிக்கையை அச்சிடுவதே பிழையாகிவிடலாம் என்று ஆங்கிலத்தில் விட்டேன். அதில் மூன்று விஷயங்கள் இருந்தன: 2020 ஜனவரி 1 முதல் புதிய பதிப்பு பைத்தான் 2-இல் ஓடாது, இப்போதைக்கு அதிலேயே இருக்க வேண்டுமானால் லைப்ரரியின் பதிப்பை 2.0-க்குக் கீழே என்று கட்டிவையுங்கள், மாறும் வழி இந்த முகவரியில்.

அந்த வாரமே ஐந்து பேர் எழுதினார்கள். இதழ்க்காரரும் அதில் ஒருவர். கிரான் (குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கருவி) ஓட்டத்தின் எச்சரிக்கை தினமும் காலையில் அவருக்கு மின்னஞ்சலாகப் போயிருக்கிறது. மாற்றக் குறிப்பை அவர் ஒரு நாளும் திறந்ததில்லை. ஆனால் அந்த மின்னஞ்சலைப் பார்க்காமல் அவர் வேலையைத் தொடங்குவதில்லை. இன்னொருவரின் சர்வரில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ், அதோடு வருவது பைத்தான் 2.7-தான். மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. அவரைப் போன்றவர்களுக்காகத்தான் அந்த ஜூன் வரையிலான ஆறு மாதம். கடைசித் திருத்தம் 1.5.4.

2.0-க்கு முன்னால் பொதியைச் சுத்தமான பைத்தான் 2 மெஷினில் நிறுவிப் பார்த்தேன். பிப் 9 முதல் 'ரிக்வயர்ஸ்' வரியை மதிக்கும், தானாக 1.5-க்கு இறங்கிக்கொள்ளும். அதைவிடப் பழைய பிப்புக்கு அது தெரியாது. அதனால் நிறுவும் கோப்பின் தலையிலேயே, பைத்தான் 2-க்கும் புரியும் நடையில், பதிப்பைச் சோதித்துக் காரணத்தைச் சொல்லி நின்றுவிடும் நான்கு வரிகளைச் சேர்த்தேன்.

இதழ்க்காரர் நவம்பரிலேயே மாறினார். இரண்டிலும் ஓட்டி ஒப்பிட்டபோது ஒரே ஒரு சிக்கல்: கட்டுரைச் சுருக்கங்கள் திடீரென்று மூன்று மடங்கு நீளமாகிவிட்டன. அவரது நிரலில் 'முதல் 300' என்று வெட்டும் வரி ஒன்று இருந்தது. பைத்தான் 2-இல் அது 300 பைட்; தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், இடைவெளிக்கு மட்டும் ஒன்று என்பதால் ஏறத்தாழ நூறு குறியீடுகள்தான் தேறும், வெட்டு சில சமயம் ஒரு குறியீட்டின் நடுவிலேயே விழும். பைத்தான் 3-இல் 300 என்றால் 300 குறியீடுகள். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை அச்சிட்டு அவருக்கு அனுப்பினேன்: பைத்தான் 2-இல் 15, பைத்தான் 3-இல் 5 (புள்ளியும் இகரக் குறியும் தனிக் குறியீடுகள்). எண்ணை 100 என்று மாற்றிவிட்டு மறுநாள் கூப்பிட்டார். "சார், சுருக்கம் முடியுற இடத்துல அப்பப்ப ஒரு கேள்விக்குறிக் கட்டம் வரும்ல, வருஷக்கணக்கா அதை ஃபான்ட் பிரச்சினைன்னு நெனச்சிட்டிருந்தோம். அது இப்ப ஒண்ணுகூட இல்ல."